பதினொரு மணிக்குக் கேட்ட பன்னிரண்டு அடி

பட்டு வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் கட்டி, கழுத்தில் மாலையோடு, கிள்ளான் சாலையில் பதினான்காம் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே எங்கள் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்சக்கரத்திலிருந்து உருவிய டியூப் புல்லின்மேல் கிடந்தது. இருபுறமும் ரப்பர் மரங்கள். பால் எடுக்கிற நேரம். வாளி சுமந்து வந்த இரண்டு பெண்கள் என்னையும் என் மாலையையும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

என் கைக்கடிகாரத்தில் ஒன்பது பத்து. அன்று வெள்ளிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். நான் தாலி கட்ட வேண்டிய பெண் பிரிக்பீல்ட்ஸில், இன்னும் பன்னிரண்டு மைல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மைல்கல்லை இந்த நாட்டுத் தமிழர்கள் கட்டை என்பார்கள். எண்கள் கோலாலம்பூரில் தொடங்கி ஏறும். எங்கள் வீடு இருபதாம் கட்டை, பெண் வீடு இரண்டாம் கட்டை. நடுவே பதினெட்டு மைல். மணிக்கு இருபது மைல் வேகத்தில் போனால் ஐம்பத்து நான்கு நிமிடம். அந்தக் கணக்கை ஒரு வாரமாகப் போட்டு வைத்திருந்தேன். டியூப் வெடிக்கும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தத் தொடரில் போன வாரம், பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த கதையை எழுதினேன். பையன்களுக்கு வேகம், தூரம், காலம் ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த மூன்றும் சேர்ந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஒரு காலையில்தான்.

இருபத்தோராவது தட்டு

முதல் நாள் இரவே பெண் வீட்டுக்குப் போய்த் தங்குவதுதான் முறை. ஆனால் என் மாமனாராகப் போகிறவர் ரயில்வே சிக்னல் ஆபீஸில் வேலை பார்த்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். முப்பது பேர் எங்கே படுப்பது? காலையிலேயே புறப்பட்டுப் போய்விடலாம் என்று என் தாய்மாமா முத்தையா முடிவுசெய்தார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் அவர் சொல்வதுதான்.

ரயிலில் போகலாம் என்றேன். நேரம் தவறாது, பெண் வீட்டாரும் ரயில்வேக்காரர்கள்.

"முப்பது பேருக்கு டிக்கெட் எடுத்து, தட்டு, வாழைத்தார் எல்லாம் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன்ல நிப்பியா? நம்ம அந்தோணி பஸ் இருக்கு. வீட்டு வாசல்ல ஏறி, பந்தல் வாசல்ல இறங்கலாம்" என்றார் மாமா.

காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். ஏழுக்கு எல்லாரும் தயார். அப்போது நான் செய்த ஒரே காரியம் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணியது. எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். படி, ஜன்னல் கம்பி, கூரை ஓடு, எதிரே பேசுகிறவரின் சட்டைப் பொத்தான்.

"இருபது இருக்கு" என்றேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். "என்னது இருபதா? இருபத்தொண்ணுல்ல வச்சோம்?"

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். மறுபடி எண்ணினார்கள். இருபதுதான். ஒன்றைக் குறைத்தால் பத்தொன்பது, அதுவும் ஒற்றைதான் என்றேன். வைத்ததை எடுக்கக் கூடாது என்றார்கள் பெண்கள். பிறகு ஒரு தட்டு தேடி, அதில் வைக்கச் சாமான் தேடி, பாசாருக்கு ஆள் போய், கற்கண்டும் ஆரஞ்சும் வாங்கி வந்து பஸ் நகர்ந்தபோது எட்டு நாற்பது.

"நீ சும்மா இருந்திருந்தா இருபதோட போயிருப்போம், ஒருத்தனும் எண்ணியிருக்க மாட்டான்" என்றார் மாமா. அதில் உண்மை இருந்தது.

சர்க்கார் எடுத்துக்கொண்ட இருபது நிமிடம்

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

அந்த வருஷம் ஜனவரி பிறந்தபோதுதான், இந்த நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் இருபது நிமிடம் முன்னே தள்ளி வைக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு வந்திருந்தது. நேற்று வரை எட்டு மணி என்று சொன்ன அதே வெயிலுக்கு இன்று எட்டு இருபது என்று சொல்ல வேண்டும். சாயங்கால வெளிச்சம் இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்குமாம். ஆபீஸ்காரர்கள் பந்து விளையாடலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், விடிகாலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற மணி இருபது நிமிடம் முந்தி அடிக்கத் தொடங்கியதும், ஒரு பால்வெட்டுக்காரர் என்னிடமே கேட்டார்: "வாத்தியாரே, அந்த இருபது நிமிஷம் யாரு கைக்குப் போச்சு?" நான் பூமி சுற்றுவதைப் பற்றி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, தூக்கம் போனது எனக்குத்தானே" என்று போய்விட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ராகு காலத்தில் வந்தது. பஞ்சாங்கத்தில் வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எந்தப் பத்தரை? பழைய பத்தரையா, புதிய பத்தரையா? கிள்ளானில் எங்கள் பக்கத்தில் எல்லாரும், கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதுதான் என்று விட்டுவிட்டோம். பிரிக்பீல்ட்ஸில் பெண் வீட்டில் அது பெரிய சண்டையாகியிருந்தது. அந்த விவரம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

அந்த வீட்டில் மணப்பெண் காமாட்சிக்கு அம்மா இல்லை. வளர்த்தது அவள் அத்தை, மாமனாரின் மூத்த சகோதரி சின்னத்தாயி. காமாட்சிக்கு முன்னால் அவள் அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது, மாப்பிள்ளை ஊர்வலம் தாமதமாகி, தாலி ஏறும்போது ராகு காலம் தொட்டுவிட்டதாம். பத்து மாதத்தில் அந்த மாப்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனார். அக்கா அதே வீட்டில் வெள்ளைச் சேலையோடு இருந்தாள். அதனால் நிச்சயதார்த்தத்தன்றே சின்னத்தாயி எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்: "நேரத்துக்குள்ள தாலி ஏறணும். தவறிப் போச்சுன்னா இந்தச் சம்பந்தம் சாமிக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். வேற முகூர்த்தமெல்லாம் பாக்க மாட்டேன். அதோட முடிஞ்சுது."

பதினான்காம் கட்டையில், கழுத்தில் மாலையோடு, அந்த வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிற்கிற வண்டியின் வேகம்

பஸ்ஸில் மாற்று டயர் இருந்தது. அதிலும் காற்று இல்லை. டிரைவர் அந்தோணி டியூபைத் தேய்த்து, பசை தடவி, ஊதி ஊதிக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?"

"காயணும் லா. ஈரத்தோட ஒட்டினா மறுபடி புட்டுக்கும்."

"பத்தரைக்கு ராகு காலம்."

"எங்க கோயில்ல அதெல்லாம் கேக்க மாட்டாங்க. எனக்குப் பத்துக்குக் கல்யாணம், பாதிரியாரே பதினொண்ணுக்குத்தான் வந்தாரு. ஏழு பிள்ளைங்க" என்றார் அந்தோணி.

மாமா அவரை முறைத்தார். பஸ்ஸுக்குள் அம்மா கண்ணை மூடி முருகா முருகா என்றுகொண்டிருந்தாள். நான் எண்ணவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வகுப்பில் ஒரு கணக்கு கொடுப்பேன். ஒருவன் பாதி வழியை மணிக்குப் பத்து மைல் வேகத்தில் போகிறான், மீதிப் பாதியை இருபது மைல் வேகத்தில் போகிறான். சராசரி வேகம் என்ன? பையன்கள் எல்லாரும் பதினைந்து என்பார்கள். தப்பு. பதின்மூன்றேகால் சொச்சம். மெதுவாகப் போகிற பாதிதான் நேரத்தை அதிகமாகத் தின்னும். முதலில் விட்ட நேரத்தைப் பின்னால் பிடிப்பது, பார்வைக்குத் தெரிவதைவிட எப்போதும் கடினம். பையன்களின் முகத்தில் அந்தத் திகைப்பைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அன்று அது முழுவதும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, ரப்பர் மரங்களுக்கு அப்பால் ரயில் சத்தம். நான் போக வேண்டும் என்று சொன்ன ரயில். தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிற தட்டுச் சத்தம் தெளிவாகக் கேட்டது. தண்டவாளத் துண்டு ஒன்று முப்பது அடி என்றால், இருபது வினாடியில் எத்தனை தட்டு கேட்கிறதோ, ஏறக்குறைய அத்தனை மைல் வேகம். எண்ணினேன். இருபத்தெட்டு. எங்கள் வேகம் பூஜ்யம்.

சக்கரத்தை மாட்டி முடித்தபோது ஒன்பது நாற்பத்தாறு. பன்னிரண்டு மைல், நாற்பத்து நான்கு நிமிடம். ஒரு மைலுக்கு மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

அடுத்த கட்டை வந்தபோது பார்த்தேன். நான்கு நிமிடம்.

"அண்ணே, ஒரு கட்டைக்கு இருபது வினாடி குறையணும்" என்றேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குனிந்து.

"மாப்பிள்ளை, இதுக்கு மேல மிதிச்சா ஒட்டு சூடாகிப் புட்டுக்கும். அப்புறம் உங்க கட்டைக் கணக்கெல்லாம் நடந்துதான் போடணும்."

பன்னிரண்டாம் கட்டை. மறுபடி நான்கு நிமிடம். பதினொன்றில் மூன்று ஐம்பது. ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. பத்தில் நான்கு பதினைந்து. மாலையின் நார் கழுத்தில் அரித்தது. பின்னால் ஒரு சித்தப்பா, "மாப்பிள்ளைக்கு அவசரத்தப் பாரு" என்று சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாக் கட்டையும் இப்படியே போனால் பத்து முப்பத்து நான்கு. அந்த நாலு நிமிடத்தில் காமாட்சியுடைய அக்காவின் வெள்ளைச் சேலை எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் கட்டைக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட். மூடியிருந்தது.

என் கடிகாரத்தில் பத்து இருபத்தெட்டு. கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. மெதுவாக, ஈயம் ஏற்றிய வண்டி மாதிரி. நான் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாவது பெட்டி போகும்போது முள் பத்தரையைத் தொட்டது.

"மாமா, பத்தரை ஆயிடுச்சு."

"கொடு அத இங்க!" மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றித் தன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை கடிகாரத்தப் பாத்துக்கிட்டே போய் இறங்கினா என்ன நினைப்பாங்க? மூஞ்சிய நல்லா வச்சுக்க."

பெட்டிகள் மொத்தம் முப்பத்து நான்கு. கேட் எத்தனை நிமிடம் மூடியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. பெட்டிகளை எண்ணினேன், வினாடிகளை எண்ணவில்லை. இன்று வரை அதை நினைத்தால் எனக்குப் படபடப்பு வரும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

பெண் வீட்டுக் கடிகாரம்

பந்தல் வாசலில் இறங்கினோம். நாதஸ்வரம் நின்றிருக்கும், ஐயர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். நாதஸ்வரம் ஒலித்தது. ஆலாத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். பின்னால் சின்னத்தாயி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இவ்வளவு நேரமா வர்றதுக்கு? இன்னும் பதினாலு நிமிஷந்தான் இருக்கு. சீக்கிரம் உள்ள வாங்க!"

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். கூடத்துச் சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட, மணி அடிக்கிற கடிகாரம். ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. பத்து பதினாறு.

மாமா என் பக்கம் குனிந்தார். "என்னடா இது?"

சின்னத்தாயி அதைக் கவனித்துவிட்டார். "இந்த வீட்டுல பழைய நேரந்தான். சூரியனுக்கு சர்க்கார் ஆர்டர் போட முடியுமா? ராகு காலம் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும்."

பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். தன் பைக்கடிகாரத்தைப் பாதி வெளியே எடுத்தார், தன் அக்காவைப் பார்த்தார், திறக்காமலே உள்ளே போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது அது என்னவென்று புரியவில்லை. இருபது நிமிடம் கிடைத்தது, அவ்வளவுதான் புரிந்தது.

மணவறையிலிருந்து கூடத்துக் கடிகாரம் தெரிந்தது. நான் தாலி கட்டியது பத்து இருபத்தேழுக்கு. மூன்று முடிச்சு. கெட்டி மேளத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பத்தரைக்குக் கடிகாரம் ஒரு அடி அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அட்சதை. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மேளக்காரர்கள் காபி குடிக்கப் போன நேரம் கடிகாரம் மணி அடித்தது. பதினொன்று. பழக்கத்தில் எண்ணினேன். ஒன்று, இரண்டு... பத்து, பதினொன்று.

பன்னிரண்டு.

முள்ளைப் பார்த்தேன். சரியாகப் பதினொன்று.

மணி அடிக்கிற கடிகாரத்தில் முள் ஒரு கணக்கு, அடி இன்னொரு கணக்கு. உள்ளே ஒரு பல்சக்கரம் உண்டு. பத்து அடித்தாகிவிட்டால், அடுத்தது பதினொன்று என்றுதான் அதற்குத் தெரியும். யாராவது பெரிய முள்ளைப் பின்னால் தள்ளி, அது மறுபடி பத்தைத் தாண்டினால், முள் பத்தைக் காட்டும், அடி பதினொன்று விழும். அதற்குப் பிறகு எப்போதும் ஓர் அடி கூடுதல்தான். அதனால்தான் அந்த மாதிரிக் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் தள்ளக் கூடாது என்பார்கள்.

அடி தப்பிய கடிகாரத்தை ரயில்வேக்காரர் வீட்டில் ஒரு நாளும் விட்டுவைக்க மாட்டார்கள். அப்படியானால் இந்த வீடு பழைய நேரத்தில் ஓடவில்லை. இன்று காலை, பத்து அடித்த பிறகு, யாரோ முள்ளைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

புதிய நேரப்படி நான் தாலி கட்டியது ராகு காலத்தில். அட்சதை தலையில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்த தலையோடு காமாட்சி. பெண் பார்த்த அன்று ஒரு தடவைதான் அவளைப் பார்த்திருந்தேன். அன்று பேசியதும் இல்லை.

"கடிகாரம் பன்னெண்டு அடிச்சுது" என்றேன், உதடு அசையாமல்.

"கீழ பாருங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கீழே பார்த்தேன். அவள் வலது ஆள்காட்டி விரலின் நுனியில், மருதாணிச் சிவப்பின்மேல், எண்ணெய்ப் பிசுக்குக் கறுப்பு ஒட்டியிருந்தது.

ரயிலில் சொன்னது

சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது அந்தக் கடிகாரம் புதிய நேரத்தைக் காட்டியது. நாங்கள் இல்லாத நேரத்தில் மாமனார் ஸ்டூலில் ஏறிச் சரிசெய்துவிட்டிருந்தார். என் கைக்கடிகாரத்தை மாமா திருப்பித் தந்தபோது அது நின்றுபோயிருந்தது. தினமும் காலை ஏழு மணிக்குச் சாவி கொடுக்கிறவன் நான். அன்று ஏழு மணிக்குத் தட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவளை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலில் வந்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் கேட்டேன்.

"நான்தான் தள்ளினேன்" என்றாள்.

மூன்று வாரமாக வீட்டில் சண்டையாம். ராகு காலம் தள்ளிப் போகாது, கடிகாரத்தைப் பழையபடி வை என்று அத்தை. ரயில்வே வீட்டில் இரண்டு நேரம் ஓடாது என்று அப்பா. அத்தையும் அப்பாவும் அதில் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். முகூர்த்தம் புதிய நேரப்படிதான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று பத்து மணி அடித்தும் எங்கள் பஸ்ஸைக் காணோம். வாசலில் அத்தை, "பத்தரை தாண்டினா ஐயருக்குத் தட்சிணை குடுத்து அனுப்பிடுங்க" என்று சொன்னது காமாட்சி காதில் விழுந்தது. கூடத்தில் யாரும் இல்லாத ஒரு நிமிடத்தில், கல்யாணச் சேலையோடு ஸ்டூலில் ஏறியிருக்கிறாள்.

"அத்தை உள்ள வந்து கடிகாரத்தப் பாத்தாங்க. அப்பா கடைசியில தன் பேச்சக் கேட்டுட்டாருன்னு அவங்களுக்கு ஒரே பெருமை. அப்பா பாத்தாரு, அத்தைதான் மாத்தியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. யாரு யாரக் கேப்பாங்க?"

"பதினொண்ணு அடிச்சிருக்குமே, அப்ப ஒருத்தரும் எண்ணலையா?"

"யாருங்க அதெல்லாம் எண்ணுவா?" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க வாய்க்குள்ள ஜன்னல் கம்பிய எண்ணினீங்கள்ல? ஏழு."

"ஏழுதான்" என்றேன்.

"நானும் சின்ன வயசுல எண்ணியிருக்கேன்" என்றாள். தண்டவாளத் தட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று நான் அதை எண்ணவில்லை.

நிழல்

நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது நல்ல நேரத்திலா, ராகு காலத்திலா? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

பழைய நேரம்தான் சரி என்றால் மூன்று நிமிடம் மிச்சம். புதிய நேரம்தான் சரி என்றால் பதினேழு நிமிடம் தாமதம். படித்தவன், வாத்தியார், இதையெல்லாம் நம்புவதா என்று வெளியே சிரிப்பேன். முதல் வருஷம் எனக்கு டைபாய்டு வந்தபோது, படுத்துக்கொண்டு மாதங்களை எண்ணினேன். அவள் அக்காவுக்குப் பத்து மாதம். எங்களுக்கு ஒன்பது ஆகியிருந்தது. காமாட்சி என் நெற்றியில் ஈரத்துணி மாற்றும்போதெல்லாம் அவள் ஆள்காட்டி விரலைத்தான் பார்ப்பேன். பத்தாவது மாதம் முடிந்த அன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

குணமானதும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கம்பை நட்டேன். காலம் அளப்பது பற்றிய பாடம் என்று பையன்களுக்குச் சொன்னேன். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உச்சி. கோடு போட்டுக் குறித்தோம். பழைய கணக்கில் பார்த்தாலும் பன்னிரண்டு தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிழல் குட்டையாயிற்று. சூரியனே எங்கள் கடிகாரத்துக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் சூரியன் கணக்கில் அன்று ராகு காலம் இன்னும் தள்ளித்தான் பிறந்திருக்கும். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள், பஞ்சாங்கம் போட்டவர் எந்த ஊர்ச் சூரியனை வைத்துப் போட்டார் என்ற சந்தேகம் வந்தது. தூக்கம் போயிற்று.

பிறகு சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் வந்து, கடிகாரத்தை அவர்கள் ஊர் நேரத்துக்குத் தள்ளினார்கள். ஊரில் ராகு காலத்தையே மறந்துபோன நாட்கள் அவை. எனக்கு மட்டும் பழைய மூன்று நிமிடம் மறக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் அம்மை வந்தபோது, அது போய்ப் பிழைத்தபோது, எனக்கு வேலை போனபோது, திரும்பக் கிடைத்தபோது, ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொள்வேன். பத்து இருபத்தேழு. இருபது நிமிடம் கழித்த நேரம். மூன்று நிமிடம் மிச்சம். சரிதான்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கணக்கைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொள்ள அடுப்படிக்குப் போனேன். காமாட்சி கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்காத ஒரு கேள்வி, சும்மா வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கு இருபது நிமிஷம் தள்ளினியே, பத்து பதினெட்டுலேர்ந்து ஒன்பது ஐம்பத்தெட்டுக்கா, இல்ல..."

"எந்த இருபது?"

"பழைய நேரத்துக்கு இருபதுதானே தள்ளணும்?"

"பழைய நேரம்னு சொன்னது அத்தை. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் எங்க இருபதக் கண்டேன்? யாராச்சும் வந்துருவாங்களோன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். கொஞ்சம் தள்ளினேன்."

"கொஞ்சம்னா? அது இருபத்தஞ்சா இருந்தா...பழைய கணக்கிலயும் ரெண்டு நிமிஷம் உள்ள போயிடுமே. கேட்டுல எவ்வளவு நேரம் நின்னோம்னு தெரிஞ்சாலாவது..."

"நீங்க வர்ற அளவுக்குத் தள்ளினேன். வந்துட்டீங்கள்ல?"

"எவ்வளவுன்னு சொல்லேன். ஒரு விரல் இருக்குமா? ரெண்டு விரலா?"

அவள் பெருமூச்சு விட்டாள். வெங்காயத் தோல் ஒட்டிய வலது கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டுக் காட்டினாள். "இவ்வளவு இருக்கும்."

"அசையாத. அப்படியே வச்சிரு" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த அடிக்கோலை எடுக்க ஓடினேன். முழங்கால் வலி வேறு. நான் திரும்பி வந்தபோது அவள் விரல்களை மூடிவிட்டாள். அடுத்த வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.